உங்களுக்குத் தெரியுமா? – எலி இழுத்த இலை

◆ வேகமாகச் சொன்னால் நாக்குக் குழறுகிற வாக்கியத்துக்கு ஜெர்மன்காரர்கள் வைத்த பெயர் 'நாக்கு உடைப்பான்'. ஸ்பானிய மொழியில் அது நாக்குக்குத் தளை போடுவது. ஜப்பானியரோ 'வேகவாய்ச் சொற்கள்' என்று சாதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். நம் பள்ளிக்கூடங்களில் 'நாபிறழ்' என்ற பெயரும் உண்டு, 'நாநெகிழ் பயிற்சி' என்ற பெயரும் உண்டு. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். இறுகிக் கிடக்கிற நாக்கை நெகிழ வைப்பது என்ற பொருள் அதில் இருக்கிறது. பிள்ளைகளோடு இதற்கென்று உட்காருகிறவர்கள் இந்தப் பெயரை மறக்காமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

◆ நாக்கில் எலும்பு கிடையாது. யானையின் துதிக்கையைப் போல முழுக்கத் தசைதான். மொத்தம் எட்டு வகைத் தசைகள். நான்கு வகை நாக்குக்குள்ளேயே தொடங்கி உள்ளேயே முடிகின்றன. நாக்கைத் தட்டையாக்குவதும் குவிப்பதும் சுருட்டுவதும் அவற்றின் வேலை. மற்ற நான்கும் வெளியிலிருந்து வந்து நாக்கைப் பிடித்து முன்னும் பின்னும் மேலும் கீழும் இழுக்கின்றன. "உன் வாய்க்குள்ள ஒரு குட்டித் துதிக்கை இருக்கு" என்று ஆறு வயதுப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். அடுத்த நொடி கண்ணாடி முன்னால் நிற்கும்.

◆ அந்தக் கண்ணாடி வேலையை நமக்கு முன்பே ஒருவர் செய்துவைத்திருக்கிறார். நமக்குக் கிடைத்த மிகப் பழைய தமிழ் இலக்கண நூலான தொல்காப்பியத்தில் எழுத்ததிகாரத்தின் மூன்றாவது இயல் 'பிறப்பியல்'. ஒவ்வோர் எழுத்தும் வாயில் எங்கே, எப்படிப் பிறக்கிறது என்று மட்டுமே பேசுகிற இயல் அது. உந்தியிலிருந்து கிளம்பும் காற்று தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டு இடங்களோடும் சேர்ந்து எழுத்தாகிறது என்கிறார் தொல்காப்பியர். க, ங இரண்டுக்கும் நாவின் அடி. ச, ஞ இரண்டுக்கும் நடு. ட, ண இரண்டுக்கும் நுனி. ப, ம சொல்ல இரண்டு உதடும் கூட வேண்டும். வ சொல்லப் பல்லும் உதடும் சேர வேண்டும். கருவி எதுவும் இல்லாத காலத்தில், தன் வாயையே கருவியாக வைத்துக் கவனித்து எழுதியது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கும்.

◆ லகரத்தை 'ஒற்றல்', ளகரத்தை 'வருடல்' என்று தமிழாசிரியர்கள் சொல்வது ஏன் தெரியுமா? அதுவும் பிறப்பியலில் இருந்து வந்ததுதான். நா அண்ணத்தை ஒற்றினால் ல, வருடினால் ள. பெயரிலேயே செய்முறை இருக்கிறது. பிள்ளையின் உள்ளங்கையில் விரல் நுனியால் ஒருமுறை ஒற்றிக் காட்டுங்கள். பிறகு மெல்ல வருடிக் காட்டுங்கள். "இதையே நாக்கால செய்" என்றால் புரிந்துகொள்ளும். ழகரம்தான் கொஞ்சம் பொறுமை கேட்கும். ளகரத்தில் நுனி நா அண்ணத்தைத் தொட்டுவிடும். ழகரத்தில் தொடப் போவதுபோல வளைந்து போய், தொடாமல் மிதக்கும். 'ள்ள்ள்' என்று நீட்டிச் சொல்லச் சொல்லி, சத்தத்தை நிறுத்தாமலே நுனியை ஒரு மயிரிழை இறக்கச் சொன்னால் ழகரம் தானாக வந்து நிற்கும். முதல்முறை வரும்போது பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தனக்குள்ளேயே ஒளிந்திருந்த பொம்மையைக் கண்டெடுத்த மாதிரி இருக்கும்.

◆ மூன்று 'ந'வுக்கும் இப்படி ஒரு குறுக்குவழி உண்டு. டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்ற பெயர்கள் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. எந்த வல்லெழுத்துக்கு முன்னால் எந்த மெல்லெழுத்து நிற்கும் என்பதுதான் அந்தப் பெயர். 'வண்டி' சொல்லும்போது டகரத்துக்காக மேலே போகிற நாக்கு வழியிலேயே ணகரத்தைச் சொல்லிவிடுகிறது. 'பந்து' என்றால் பல்லுக்குப் போகும். 'கன்று' என்றால் இரண்டுக்கும் நடுவே ஓர் இடம். 'மூன்று சுழி, இரண்டு சுழி' என்று எழுத்தின் உருவத்தை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளைக்கு வண்டி, பந்து, கன்று என்று பத்து முறை சொல்லக் கொடுங்கள். சுழி எண்ணாமலே நாக்கு வீடு கண்டுபிடிக்கும்.

◆ நாம் எல்லோரும் சொல்லி வளர்ந்த பழைய வாக்கியங்களுக்குள் எவ்வளவு நுட்பம் இருக்கிறது என்று பாருங்கள். தாத்தா தைத்த சட்டையைப் பற்றிய வாக்கியத்தில் தகரமும் டகரமும் மாறி மாறி வருகின்றன. நாக்கு பல்லுக்கும் அண்ணத்துக்கும் ஓடி ஓடித் திரும்ப வேண்டும். வாழைப்பழத் தோலில் வழுக்கி விழும் கிழவர் ழகரத்துக்கென்றே பிறந்தவர். கடலோரத்து அலை உருண்டு புரளும் வாக்கியத்தில் ரகரமும் ளகரமும் அலைபோலவே புரளும். இதையெல்லாம் யார் கட்டினார்கள் என்று தெரியாது. கட்டியவருக்கு ஒலியின் வழி தெரிந்திருந்தது என்பது மட்டும் தெரிகிறது.

◆ புதிதாக ஒன்று கட்டுவது கடினமா? இல்லவே இல்லை. ஒரு மழை நாளில், கரண்ட் போன நேரத்தில், இரண்டாம் வகுப்பு படிக்கும் என் அண்ணன் மகள் "போர் அடிக்குது அத்தை" என்று மடியில் வந்து விழுந்தாள். "நாமளே ஒண்ணு கட்டுவோமா?" என்றேன். தரையில் சாக்பீஸால் 'கிளி' என்று எழுதினாள். "இது மாதிரியே சத்தம் வர்ற வேற வார்த்தை சொல்லு." எலி, புலி, இலை, கிழி, பல்லி, தோழி என்று வரிசையாக வந்தன. "கிளி, எலி, புலி, இலை" என்று வேகமாகச் சொல்லிப் பார்த்தாள். குழறவில்லை. அவளுக்கு ஏமாற்றம்.

பட்டியல் குழறாது. அதில் யாரும் எதுவும் செய்யவில்லையே! "கிளி என்ன பண்ணுச்சு?" என்று கேட்டேன். "இலையைக் கிழிச்சுச்சு." "எலி?" கொஞ்சம் யோசித்தாள். "அந்த இலையை இழுத்துட்டுப் போச்சு." வாக்கியம் கிடைத்துவிட்டது: *கிளி கிழித்த இலையை எலி இழுத்தது.* ஐந்தே சொற்கள். ள, ழ, ல, ல, ழ என்று மூன்று ஒலிகளும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. திருப்பிப் போட்டோம்: *எலி இழுத்த இலையைக் கிளி கிழித்தது.* இரண்டையும் சேர்த்துச் சொன்னால் முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மூன்றாவது சுற்றில் 'இலையை எலி' என்பது 'எலியை இலை' ஆனது. "அத்தை, இலை எலியை இழுத்துட்டுப் போயிருச்சு!" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில், கரண்ட் வந்ததைக்கூட நாங்கள் கவனிக்கவில்லை.

◆ அன்று எனக்குப் புரிந்த சூத்திரங்கள் மூன்று. ஒன்று, நாக்கு போகும் இடம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற எழுத்துகளாக எடுக்க வேண்டும். ல–ப குழறாது, ல–ழ குழறும். இரண்டு, பிள்ளை மனதுக்குள் படமாக ஓட வேண்டும். மூன்றாவது சூத்திரத்தைச் சொன்னவள் அவள்தான்: "ரொம்ப நீட்டமா இருந்தா மறந்துபோயிரும் அத்தை." ஐந்தாறு சொற்கள் போதும். அதன்பிறகு நாங்கள் கட்டியவை:

*வாழையோர வாய்க்காலில் வாளை வாலை வளைத்தது.*

*பனியில் பணிக்குப் போனவன் பானையில் பணம் போட்டான்.*

*மரத்தடி முறத்தில் முறுகிய முறுக்கு. முருகன் முறித்தான் அரை முறுக்கு.*

வாளை என்பது மீன் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். மறுநாள் மீன்காரம்மாவிடம் "வாளை இருக்கா?" என்று ளகரம் தவறாமல் கேட்டாள்.

◆ செக் மொழியில் உயிரெழுத்தே இல்லாமல் ஒரு முழு வாக்கியம் உண்டு. 'தொண்டைக்குள் விரலை விடு' என்பது அதன் பொருள். தமிழில் இப்படி ஒன்று கட்டவே முடியாது. நம் மொழியில் மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது. உயிர் வந்து சேர்ந்த பிறகுதான் நடமாடும்.

◆ 2013-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வில், சான் பிரான்சிஸ்கோவின் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மனிதர்கள் பேசும்போது அவர்கள் மூளையின் மேற்பரப்பில் நடப்பதைப் பதிவு செய்தார்கள். உதட்டால் பிறக்கும் ஒலிகள் ஒரு மாதிரியான கோலத்தையும், நாக்கால் பிறக்கும் ஒலிகள் வேறொரு மாதிரியான கோலத்தையும் காட்டின. எந்த உறுப்பால் பிறக்கிறதோ அதன்படிதான் மூளையும் ஒலிகளைப் பிரித்து வைத்திருக்கிறது. பிறப்பியலின் வரிசையைப் படித்தவர்களுக்கு இது பழகிய வீட்டுக்குள் நுழைவது போல இருக்கும். ல–ழ குழறுவதற்கும் ல–ப குழறாததற்கும் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

◆ வாயைத் திறக்காமல் மனதுக்குள் படித்தாலும் குழறும். 1982-ல் ரால்ஃப் ஹேபர், லின் ஹேபர் என்னும் இருவர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நாக்குக் குழறும் வாக்கியங்களைச் சத்தமில்லாமல் படிப்பவர்களும், அதே அளவுள்ள சாதாரண வாக்கியங்களைவிட அவற்றுக்குக் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். மௌன வாசிப்பிலும் உள்ளுக்குள் ஒரு நாக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

◆ காது கேளாத பிள்ளைகளுக்கும் இந்த விளையாட்டு உண்டு. சைகை மொழியில், ஒன்றுபோலவே இருக்கும் சைகைகளை அடுத்தடுத்துப் போட்டு வேகமாகச் செய்தால் விரல்கள் குழறும். நாக்குக்குப் பதில் கை, சிரிப்பு அதேதான்.

◆ திருக்குறளில் 'துறவு' அதிகாரத்தின் முதல் குறளை, அதாவது 341-ஆம் குறளை, ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கடைசிவரை உதடும் உதடும் ஒட்டாது. எதிலிருந்து விலகினாயோ அதனால் துன்பமில்லை என்று சொல்கிற குறள் அது. சொல்லும்போது உதடுகளும் விலகியே இருக்கின்றன. அதே அதிகாரத்தின் கடைசிக் குறளான 350-ஐச் சொன்னால், 'பற்று' வரும்போதெல்லாம் உதடு போய் ஒட்டிக்கொள்ளும். இப்படி இதழ் ஒட்டாமல் பாடுவதற்கு நம் இலக்கணத்தில் 'நிரோட்டகம்' என்று பெயர். 17-ஆம் நூற்றாண்டில் துறைமங்கலம் சிவப்பிரகாச சுவாமிகள் திருச்செந்தூர் முருகன் மேல் ஓர் அந்தாதி முழுவதையுமே இப்படிப் பாடியிருக்கிறார்.

◆ வீட்டில் இதை விளையாட்டாக்கலாம். ப, ம, வ மூன்றும் வராமல் ஐந்து நிமிடம் பேச வேண்டும். உதடு ஒட்டினால் அவுட். 'தாத்தா, தண்ணீர் தாங்க' என்று கேட்கலாம். 'அக்கா கதை சொன்னாள்' என்று சொல்லலாம். அக்கா, அண்ணன், தாத்தா, ஆச்சி, அத்தை, சித்தி எல்லோரையும் கூப்பிடலாம். அம்மா, அப்பா, மாமா, பாட்டி, தம்பி யாரையும் கூப்பிட முடியாது! எங்கள் வீட்டில் எல்லா ஆட்டமும் "அம்மா, இவன் ஏமாத்துறான்" என்பதில்தான் முடியும். அம்மாவைக் கூப்பிட்டதுமே ஆட்டம் போச்சு.

◆ காளமேகப் புலவர் ககர வருக்க எழுத்துகளை மட்டுமே வைத்து ஒரு வெண்பாவும், தகர வருக்க எழுத்துகளை மட்டுமே வைத்து ஒரு வெண்பாவும் பாடியிருக்கிறார். ககரப் பாட்டில் காக்கை, கூகை, கொக்கு மூன்றும் வந்து, காலம் பார்த்து நாட்டைக் காக்க வேண்டிய அரசனுக்குப் புத்தி சொல்கின்றன. அருணகிரிநாதரின் கந்தர் அந்தாதியிலும் முழுக்கத் தகர வருக்கத்தாலேயே நடக்கும் பாட்டு ஒன்று உண்டு. பெரியவர்கள் தடுக்கி விழும் இந்தப் பாட்டுகளைப் பிள்ளைகள் ரயில் ஓட்டுவது போல ஓட்டிவிடுவார்கள். பொருளைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

◆ வேகத்தை எப்படிக் கூட்டுவது? அதற்கு நம் வித்வான்களிடம் வழி இருக்கிறது. தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலைக் கற்பவர்கள் ஒரே சொற்கட்டை மூன்று காலத்தில் சொல்வார்கள். முதல் காலம் நிதானம். இரண்டாம் காலம் அதன் இரட்டிப்பு. மூன்றாம் காலம் மறுபடி இரட்டிப்பு. தாளம் போடும் கை மட்டும் மாறாது. எலி இழுத்த இலையையும் இப்படியே தொடையில் தாளம் தட்டிச் சொல்லுங்கள். 'வேகமாச் சொல்லு, வேகமாச் சொல்லு' என்று விரட்டினால் பிள்ளை எழுத்தை விழுங்கிவிட்டு ஓடும். கை தாளத்தைப் பிடித்திருந்தால் எழுத்து தங்கும்.

◆ சடுகுடுவும் ஒரு வகையில் இந்தப் பயிற்சிதான். எதிர்க்கட்டத்துக்குள் போனவன் மூச்சு விடாமல் பாடிக்கொண்டே ஆளைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். இன்றைய புரோ கபடியில் ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. நாக்குக் குழறும் வாக்கியத்தை ஒரே மூச்சில் எத்தனை முறை குழறாமல் சொல்ல முடிகிறது என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். விளையாட்டு தானாகக் களைகட்டும்.

◆ ஜப்பானில் 1718-ல் இரண்டாம் இச்சிகாவா தன்ஜூரோ என்ற கபுகி நடிகர் மருந்து விற்பவனாக மேடையேறினார். அந்த மருந்தைச் சாப்பிட்டால் நாக்கு பம்பரமாகச் சுழலும் என்று சொல்லி, நாக்குக் குழறும் சொற்களாகவே நீண்ட வசனம் பேசிக் காட்டினார். நடிகர்களும் அறிவிப்பாளர்களும் இன்றைக்கும் அந்த வசனத்தைச் சொல்லிப் பயிற்சி எடுக்கிறார்கள். ஆங்கிலத்தில் புகழ்பெற்ற 'பீட்டர் பைப்பர்' என்ற நாபிறழ் அச்சில் வந்தது 1813-ல், லண்டனில், உச்சரிப்பு கற்றுத்தரும் புத்தகமாகத்தான்.

◆ பிள்ளை எழுத்தை மாற்றிப் போட்டால் திட்டாதீர்கள். மொழியே அப்படி மாற்றிப் போட்டிருக்கிறது. தசை சதையானது, விசிறி சிவிறியானது, ஞிமிறு மிஞிறானது. இலக்கணம் இதற்கு 'எழுத்து நிலைமாறுதல்' என்று பெயர் கொடுத்து ஏற்றுக்கொண்டது. குதிரையைக் 'குருதை' என்று சொல்லும் கிராமத்துப் பாட்டிகள் எத்தனை பேர்!

◆ அதேபோல ஊர்வழக்கு. தெற்கே பலர் பேச்சில் பழம் 'பளம்' ஆகும். சென்னைப் பேச்சில் 'பயம்' ஆகும். அது அவர்கள் வீட்டுப் பேச்சு. அதைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை இல்லை. வாசிக்கும்போதும் மேடையிலும் ழகரம் வர வேண்டும் என்று சொல்லிக் கொடுப்போம். அடுப்படியில் பாட்டியோடு பேசும்போது பிள்ளை எப்படிப் பேசினாலும் அது தமிழ்தான்.

◆ ஆறு வயதை ஒட்டி முன் பால்பற்கள் விழத் தொடங்கும். அப்போது சகரம் காற்றாகப் போகும், தகரம் ஒழுகும். அந்த மாதங்களில் 'தாத்தா தைத்த' வகையை ஒதுக்கி வையுங்கள். உதட்டு எழுத்துகளோடு விளையாடலாம்: *பாப்பா மாமா பம்பரம் பார்த்தா, பாம்பும் பம்மிப் பம்மிப் பார்த்தது.*

◆ ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். நான் படித்த பள்ளியில் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்திக்குப் பேச்சு திக்கும். அவளை எழுப்பி நிறுத்தி, நாக்குக் குழறும் வாக்கியத்தைச் சொல்லச் சொல்லி வகுப்பையே சிரிக்க வைத்தார்கள். சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. அந்த வருடம் முழுவதும் அவள் வாயே திறக்கவில்லை. இந்தப் பயிற்சி திக்குவாய்க்கு மருந்து அல்ல. அதற்குப் பேச்சுப் பயிற்சி நிபுணர்கள் இருக்கிறார்கள். அக்டோபர் 22-ஐ உலகத் திக்குவாய் விழிப்புணர்வு நாளாகவே கடைப்பிடிக்கிறார்கள். திக்கிப் பேசுகிற பலருக்கு மற்றவர்களோடு சேர்ந்து ஒரே குரலில் சொல்லும்போது திக்கல் குறைகிறது. அதனால் இப்போது எங்கள் திண்ணையில் பிள்ளைகள் கூடினால் முதல் மூன்று முறை எல்லோரும் சேர்ந்துதான் சொல்வோம். தனியாகச் சொல்ல விருப்பப்படுகிறவர்கள் மட்டும் கை தூக்கலாம். யாரையும் பேர் சொல்லி எழுப்புவதில்லை.

◆ கடைசியாக, ழகரத்துக்குப் பல் வேண்டாம் என்பது உங்களுக்குத் தெரியுமா? நாவும் அண்ணமும் இருந்தால் போதும். பல்லாங்குழிப் பலகையில் ஒரு வரிசைக்கு ஏழு குழி. அதைப் பார்த்து அண்ணன் மகள் தானே ஒன்று கட்டினாள்: *ஏழு குழி, ஏழு கூழாங்கல், கூழாங்கல் உருளும் குழி ஏழாங்குழி.* ராத்திரி, பல்செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டுப் படுக்கப் போன தாத்தாவிடம் ஓடி, "இதைச் சொல்லுங்க பார்ப்போம்" என்று சவால் விட்டாள். அவர் பொக்கை வாயோடு மூன்று காலத்திலும் சொன்னார். ஒரு ழகரம் பிசகவில்லை. அவளுக்கு 'ஏழாங்குழி' ஐந்தாவது முறையில் 'ஏளாங்குழி' ஆனது. "இன்னொரு தடவை, தாத்தா" என்று கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.